மூன்று ஓஎஸ்ஸிலும் ஓடும் டெஸ்க்டாப் மென்பொருள் எழுதப் பழக வேண்டும், எதில் தொடங்கட்டும்?

கேள்வி, ஜூன் 8, 2024

அண்ணா, பைத்தான் ஓரளவு தெரியும். டெர்மினலில் ஓடும் சின்னச் சின்ன நிரல்கள் எழுதியிருக்கிறேன். அடுத்து மெனு, பட்டன், டேபிள் எல்லாம் உள்ள ஒரு முழு மென்பொருள் எழுத ஆசை. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓட வேண்டும். டிகிண்டர், க்யூட்டி, ஜிடிகே, எலக்ட்ரான், ஃப்ளட்டர் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இனி டெஸ்க்டாப்பே கிடையாது, எல்லாம் வெப்தான் என்கிறான் என் அறைத்தோழன். எதைப் படிக்கட்டும்?

ஜூன் 8, 2024, இரவு

பைசைடு6. பைத்தானில் இருந்துகொண்டே க்யூட்டி என்ற டூல்கிட்டை (பட்டன், மெனு போன்றவற்றைத் தரும் நிரல் தொகுப்பை) பயன்படுத்தும் வழி அது. எல்ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தில் கிடைக்கிறது, ஆவணங்கள் நன்றாக இருக்கின்றன, தமிழ் எழுத்து ஒழுங்காகத் தெரியும். வேறொன்றைத்தான் எடுப்பேன் என்றாலும் சரி, எடுத்ததை ஆறு மாதமாவது விடாதீர்கள். ஒவ்வொரு டூல்கிட்டிலும் ஒரு ‘ஹலோ’ விண்டோ போட்டுப் பார்த்துவிட்டு அடுத்ததற்குத் தாவினால் எதுவும் கைக்கு வராது.

டூல்கிட்டைவிட, என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கால்குலேட்டர் வேண்டாம். யாராவது ஒருவர் தினமும் உட்கார்ந்து பயன்படுத்தப்போகும் ஒன்றாக இருக்கட்டும். நான் எங்கள் ஊர் வாசகசாலையின் புத்தகப் பதிவேட்டை எழுதித்தான் இதைப் பழகினேன். கீழே எழுதப்போகும் பலவும் அதிலிருந்து வந்தவை.

உங்கள் அறைத்தோழனுக்கு: இன்டர்நெட் போனால் நின்றுவிடும் மென்பொருளை எங்கள் வாசகசாலையில் வைக்க முடியாது. மருந்துக் கடை பில்லிங்கிலும் அதே நிலைதான். டெஸ்க்டாப்புக்கு இன்னும் நிறைய வேலை இருக்கிறது.

ஜூன் 9, 2024

டெர்மினல் நிரலிலிருந்து வருகிறவர்களுக்கு முதலில் மாற வேண்டியது நினைப்பு. அங்கே நிரல் மேலிருந்து கீழே ஓடும், நீங்கள் கேட்கும்போது பயனர் பதில் தருவார். இங்கே ஆட்சி பயனர் கையில். விண்டோவைக் காட்டியதும் நிரல் ஈவன்ட் லூப் என்ற முடிவில்லாத சுற்றுக்குள் போய்விடும். மவுஸ் நகர்ந்தது, கீ அழுந்தியது, விண்டோவின் மேல் வேறொன்று வந்து விலகியது என்று ஒவ்வொரு செய்தியையும் எடுத்து, அதற்கென்று நீங்கள் எழுதி வைத்த ஃபங்ஷனைக் கூப்பிடும். அது முடிந்ததும் அடுத்த செய்தி. க்யூட்டியில் இந்த இணைப்புக்கு சிக்னல், ஸ்லாட் என்று பெயர். பட்டன் ‘கிளிக் ஆனேன்’ என்று சிக்னல் விடும், உங்கள் ஃபங்ஷன் அதைப் பிடிக்கும். யார் பிடிக்கிறார்கள் என்பது பட்டனுக்குத் தெரியவே வேண்டாம்.

இது புரிந்துவிட்டால் டிகிண்டர், ஜிடிகே, ஜாவாவின் ஸ்விங் எல்லாமே உறவுக்காரர்கள்தான் என்று தெரியும். பெயர்கள் மாறும், சுற்று மாறாது.

ஜூன் 10, 2024

இரண்டாவது விண்டோ ஒரு நொடி மின்னிவிட்டு மறைகிறது என்று கேட்டிருந்தீர்கள். அதை ஃபங்ஷனுக்குள் ஒரு லோக்கல் வேரியபிளில் வைத்திருக்கிறீர்கள். ஃபங்ஷன் முடிந்ததும் பைத்தான் அந்த ஆப்ஜெக்டை அழித்துவிடுகிறது. செல்ஃப் போட்டு மெயின் விண்டோவிடம் பிடித்து வைக்கச் சொல்லுங்கள், நிற்கும்.

லூப்பில் பத்து பட்டன் செய்து லாம்ப்டா (பெயரில்லாத ஒரு வரி ஃபங்ஷன்) கொடுத்தால் பத்தும் கடைசி எண்ணையே சொல்வது க்யூட்டியின் வேலை அல்ல, பைத்தானின் இயல்பு. லாம்ப்டா மதிப்பைப் பிடித்து வைப்பதில்லை, பெயரைத்தான் பிடிக்கிறது. மதிப்பை டீஃபால்ட் ஆர்குமென்டாகக் கொடுங்கள். க்யூட்டி பட்டனின் கிளிக் சிக்னல் ‘செக்டு’ என்று தானாகவே ஒரு மதிப்பை அனுப்பும். லாம்ப்டாவில் அதற்கு முதலில் இடம் விட்டுவிட்டு உங்களுடையதை இரண்டாவதாக வையுங்கள்.

ஜூன் 12, 2024

இத்தனை டூல்கிட் எதற்கு என்று இன்னொருவர் கேட்டார். இதற்கு வரலாறு கொஞ்சம் தெரிய வேண்டும்.

ஒரே கோடை மூன்று ஓஎஸ்ஸில் ஓட்ட இரண்டு பாதைகள் உண்டு. ஓஎஸ் வைத்திருக்கும் பட்டனையே கேட்டு வாங்கிப் பயன்படுத்துவது ஒன்று. 1992இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்மார்ட் தொடங்கிய டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ் இந்த வழி. அப்போது அதன் பெயர் டபிள்யூஎக்ஸ்விண்டோஸ். மைக்ரோசாஃப்ட் கேட்டுக்கொண்டதால் 2004இல் பெயரை மாற்றினார்கள். நிரல் எழுதும் மென்பொருளான எக்லிப்ஸுக்காக ஐபிஎம் செய்த எஸ்டபிள்யூடியும் இதே ஜாதி.

இன்னொரு பாதையில், வெறும் விண்டோவை மட்டும் ஓஎஸ்ஸிடம் வாங்கிக்கொண்டு உள்ளே எல்லாவற்றையும் டூல்கிட்டே வரையும். க்யூட்டி, ஜாவாவின் ஸ்விங், ஜிடிகே, ஃப்ளட்டர் எல்லாம் இங்கே. நார்வேயில் ஹாவர்ட் நோர்ட், எய்ரிக் ஷாம்பே-எங் இருவரும் 1991இல் எழுதத் தொடங்கிய க்யூட்டி 1995இல் வெளியே வந்தது. ஜிடிகே, கிம்ப் என்ற பட மென்பொருளுக்காக எழுதப்பட்டு அங்கிருந்து லினக்ஸ் டெஸ்க்டாப்பான க்னோமுக்குப் போனது.

முதல் வழியில் மென்பொருள் அந்தந்த ஓஎஸ்ஸின் பிள்ளைபோல் இருக்கும், ஆனால் மூன்று ஓஎஸ்ஸுக்கும் பொதுவான வசதிகள்தான் சுலபமாகக் கைக்கு எட்டும். இரண்டாவது வழியில் எங்கும் ஒரே நடத்தை கிடைக்கும், நுணுக்கங்களில் கொஞ்சம் அந்நியமாகத் தெரியும். கற்கிறவருக்கு இரண்டாவது நல்லது. விண்டோஸில் சரிசெய்தது லினக்ஸில் உடைவது அதில் குறைவு.

ஜூன் 15, 2024

நீங்கள் அனுப்பிய கோடில் ஒவ்வொரு பட்டனுக்கும் எக்ஸ் இவ்வளவு, ஒய் இவ்வளவு, அகலம் இவ்வளவு என்று எண் கொடுத்திருக்கிறீர்கள். அத்தனையையும் எடுத்துவிட்டு, இடத்தைத் தானே பங்கிட்டு அடுக்கும் லேயவுட் போடுங்கள். இது அழகுக்காகச் சொல்வதல்ல. உங்கள் லேப்டாப்பில் அளந்து வைத்த 80 பிக்சல் பட்டனில் ‘சேவ்’ அடங்கும், ‘மாற்றங்களைச் சேமி’ அடங்காது. விண்டோஸில் தமிழ் பெரும்பாலும் நிர்மலா யூஐ எழுத்துருவில் வரும், மேக்கில் தமிழ் சங்கம் எம்என், லினக்ஸில் நோட்டோவோ லோகித்தோ. உயரம் ஒவ்வொன்றுக்கும் வேறு. லேப்டாப்களில் 125, 150 சதவீத ஸ்கேலிங் வேறு சாதாரணம்.

வரிசையாக அடுக்க பாக்ஸ் லேயவுட், லேபிளும் கட்டமுமாக வரும் படிவத்துக்கு ஃபார்ம் லேயவுட், கட்டம் கட்டமாகப் பரப்பி வைக்க கிரிட். இந்த மூன்றையும் ஒன்றுக்குள் ஒன்று வைத்தாலே பெரும்பாலான திரைகளை முடித்துவிடலாம். ஒவ்வொரு திரையையும் எழுதியதும் விண்டோவின் மூலையைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். புத்தகப் பட்டியல் நீள வேண்டும், தேடும் கட்டம் அகல வேண்டும், பட்டன்கள் அப்படியே நிற்க வேண்டும். எது வளர வேண்டும், எது வளரக் கூடாது என்று சொல்லத் தெரிந்தால் லேயவுட் தெரிந்த மாதிரி.

ஜூன் 16, 2024

‘பைத்தானோடு டிகிண்டர் சும்மா வருகிறதே, அதுவே போதுமே’ என்ற ஒருவருக்கு. ஆங்கிலத்தில் மட்டும் இருக்கும் சின்னக் கருவிக்குப் போதும். நானும் இன்றுவரை அப்படிப் பயன்படுத்துகிறேன். ஆனால் லினக்ஸில் டிகிண்டர் விண்டோவில் ‘கொக்கு’ என்று எழுதிப் பாருங்கள். கொம்பு இடப்பக்கம் போகாது, எழுத்து பிரிந்து நிற்கும்.

காரணம் இது: கணினியின் நினைவில் முதலில் க, அதன் பின்னால்தான் கொம்பு. திரையில் வரையும்போது கொம்பைத் தூக்கி முன்னால் வைப்பது ஷேப்பிங் என்ற தனி வேலை. க்யூட்டியும் ஜிடிகேவும், க்ரோம் பிரவுசருக்கு அடிப்படையான க்ரோமியமும் அதற்கு ஹார்ஃப்பஸ் என்ற நிரல் தொகுப்பை வைத்திருக்கின்றன. டிகிண்டருக்கு அடியில் இருக்கும் டிகே, லினக்ஸில் அந்த வேலையைச் செய்வதில்லை. விண்டோஸில் ஓஎஸ்ஸே அதைச் செய்துகொடுப்பதால் அங்கே சரியாகத் தெரியும். விண்டோஸில் மட்டும் பார்த்துவிட்டு ‘எங்கும் ஓடும்’ என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

ஜூன் 23, 2024

‘எக்ஸெல் ஃபைலிலிருந்து பட்டியலை ஏற்றும்போது விண்டோ உறைந்து வெளுத்துப் போகிறது.’

ஈவன்ட் லூப் பற்றி 9ஆம் தேதி எழுதியதை இன்னொரு தடவை படியுங்கள். உங்கள் ஃபங்ஷன் முடிந்தால்தான் அடுத்த செய்தி. அது முப்பது விநாடி எடுத்தால் அந்த முப்பது விநாடியும் மவுஸ், கீபோர்டு, மறுபடி வரைதல் எல்லாம் வரிசையில் காத்திருக்கும். 5 விநாடி வரை செய்தி எதையும் எடுக்காத விண்டோவை விண்டோஸ் ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று குறித்துவிடும். பயனர் பயந்துபோய் மூடிவிடுவார், பாதி ஏற்றிய பட்டியல் அப்படியே கிடக்கும்.

நீண்ட வேலையைத் தனி த்ரெட்டுக்கு, அதாவது மென்பொருளுக்குள்ளேயே பக்கத்தில் ஓடும் இன்னொரு ஓட்டத்துக்கு அனுப்புங்கள். ஒரு விதியை மட்டும் மீறவே கூடாது: அந்த த்ரெட்டிலிருந்து எந்த விட்ஜெட்டையும் (பட்டன், லேபிள் போன்ற திரைப் பாகத்தையும்) தொடாதீர்கள். லேபிளில் ஒரு எழுத்தை மாற்றுவதுகூட மெயின் த்ரெட்டின் வேலை. உழைக்கும் த்ரெட் ‘இருநூறு வரி முடிந்தது’ என்று சிக்னல் விடட்டும், மெயின் த்ரெட் அதைப் பிடித்து ப்ரோக்ரஸ் பாரை நகர்த்தட்டும். த்ரெட் எல்லைக்கு அப்பாலிருந்து வரும் சிக்னலைக் க்யூட்டி தானே வரிசையில் போட்டுக்கொள்ளும். நேரடியாகத் தொட்டால் உங்கள் மெஷினில் நாள் முழுக்க ஓடிவிட்டு, காரணமே சொல்லாமல் வேறெங்கோ விழும்.

அப்புறம், ‘நிறுத்து’ பட்டன் ஒன்று வையுங்கள். நீண்ட வேலைக்கு அது கட்டாயம்.

ஜூலை 2, 2024

தமிழ்ப் பட்டியல்களைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். ஆங்கிலப் பாடங்களில் இது எங்குமே வராது.

வாசகசாலையில் புத்தகப் பெயர்களை அகர வரிசையில் காட்டினேன். நூலகர் பார்த்ததும் ‘இது அகராதி வரிசை இல்லையே, தம்பி’ என்றார். ‘அழகு’ முதலில், ‘அவன்’ பிறகு என்று வந்திருந்தது. ‘கனவு’ முதலில், ‘கமலம்’ பிறகு. நம் வரிசையில் வகரம் ழகரத்துக்கு முன், மகரம் னகரத்துக்கு முன். னகரம்தான் பதினெட்டில் கடைசி. யூனிகோடில் ந, ன, ப என்றும், ர, ற, ல, ள, ழ, வ என்றும் எண் கொடுத்திருக்கிறார்கள். பைத்தானின் சார்ட்டும், டேட்டாபேஸான எஸ்க்யூலைட்டின் ஆர்டர் பையும் அந்த எண்ணைப் பார்த்தே அடுக்கும்.

க்யூட்டியில் இதற்கென்றே கொலேட்டர் என்ற அடுக்கும் கருவி இருக்கிறது, தமிழ் லோகேலை (மொழி அமைப்பை) கொடுத்தால் அடுக்கித் தரும். ஆனால் அது அடியில் நம்பியிருக்கும் வசதி ஓஎஸ்ஸுக்கு ஓஎஸ் வேறுபடும். ஒரே டேட்டாபேஸ் மூன்று மெஷினில் மூன்று விதமாக அடுக்கி வருவதற்கு நான் இடம் கொடுக்க விரும்பவில்லை. க முதல் ன வரை பதினெட்டையும், பின்னால் ஜ, ஷ, ஸ, ஹ எல்லாவற்றையும் ஒரு பட்டியலாக எழுதி, ஒவ்வொரு தலைப்புக்கும் அதன்படி ஒரு சாவி செய்து டேட்டாபேஸிலேயே இன்னொரு நெடுவரிசையில் வைத்துவிட்டேன். இப்போது அடுக்குவது எங்கும் ஒன்றே, வேகமும் கூட.

தேடுதலில் வேறொரு சிக்கல். ‘கொ’வின் துணைக்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. ஒருவர் ஒரு விதமாக அடித்த தலைப்பை இன்னொருவர் வேறு விதமாக அடித்துத் தேடினால் ‘இல்லை’ என்று வரும், புத்தகம் கண்ணெதிரே அலமாரியில் இருக்கும். உள்ளே வரும் எல்லா எழுத்தையும், ஒரே குறியாகச் சேர்த்து எழுதும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டுச் சேமியுங்கள். தேடும் சொல்லையும் அப்படியே. பைத்தானின் யூனிகோட்டேட்டா மாட்யூலில் ஒரே வரி.

ஜூலை 3, 2024

மேலே சொன்னதோடு சேர்த்துப் படிக்க. ‘ஸ்ரீ’ மட்டும் என்எஃப்சிக்குக் கட்டுப்படாது. ஸ வைத்து எழுதுவதும் ஶ வைத்து எழுதுவதும் பல எழுத்துருக்களில் ஒன்றுபோலவே தெரியும், யூனிகோடுக்கு அவை வெவ்வேறு சொற்கள். ஸ்ரீரங்கம், ஸ்ரீதர் என்று தேடுகிற ஊர் நமது, அதனால் நீங்களே ஒன்றை மற்றதாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஜூலை 5, 2024

கட்டத்தில் 30 எழுத்துக்கு மேல் அடிக்க முடியாதபடி வரம்பு போட்டிருக்கிறீர்கள். ‘தமிழ்’ நமக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து. நீளமான ஆசிரியர் பெயர் பாதியில் நிற்கும். வரம்பே வேண்டாம்.

சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த பட்டியல் ஃபைல்) பற்றி: விண்டோஸில் பைத்தான் ஃபைலைத் திறக்கும்போது என்கோடிங் சொல்லாவிட்டால் அது பழைய விண்டோஸ் கோட்பேஜை (எழுத்துக் குறியீட்டு அட்டவணையை) எடுத்துக்கொண்டு தமிழைப் பார்த்ததும் எர்ரர் கொடுக்கும். லினக்ஸில் அதே கோடு ஓடும். எப்போதும் யுடிஎஃப்-8 என்று எழுதுங்கள். எக்ஸெல்லில் டபுள் கிளிக் செய்து திறக்கப்போகிற சிஎஸ்வி என்றால் யுடிஎஃப்-8-சிக் போடுங்கள். ஃபைலின் முன்னால் அது போடும் பாம் (BOM) என்ற அடையாளக் குறி இல்லாவிட்டால் எக்ஸெல் தமிழைக் கிறுக்கலாகக் காட்டும்.

ஜூலை 14, 2024

நண்பர் மேக்புக் கொண்டுவந்தார், மதியம் முழுக்க அதில் ஓட்டிப் பார்த்தோம். பெரும்பாலும் அப்படியே ஓடியது. கண்ட்ரோல்-எஸ் என்று எழுதியதைக் க்யூட்டியே கமாண்ட்-எஸ் ஆக்கிக்கொள்கிறது. மெனு விண்டோவுக்குள் இல்லாமல் திரையின் மேல் விளிம்புக்குப் போய்விடுகிறது.

நான் உட்கார்ந்து பார்த்தது ஒன்று. மேக்கில் ‘அபௌட்’, ‘ப்ரிஃபரன்சஸ்’ (புதிய மேக்கில் ‘செட்டிங்ஸ்’), ‘க்விட்’ மூன்றும் மென்பொருளின் பெயருள்ள முதல் மெனுவில் இருப்பதுதான் வழக்கம். மெனுவில் எழுதியிருக்கும் ஆங்கிலச் சொல்லை வைத்தே க்யூட்டி அடையாளம் கண்டு அங்கே நகர்த்துகிறது. நாம் ‘அமைப்புகள்’, ‘வெளியேறு’ என்று எழுதினால் அதற்குப் புரிவதில்லை, போட்ட இடத்திலேயே நிற்கும். அந்தந்த ஆக்‌ஷனுக்கு மெனு ரோலை (அந்த மெனு வரியின் பங்கு என்ன என்பதை) நாமே சொல்லிவிட்டால் சரியான இடத்துக்குப் போகும்.

இன்னொன்று: ‘சரி’, ‘ரத்து’ பட்டன்களை நீங்களே வரிசையாக வைக்காதீர்கள். விண்டோஸில் சரி முதலில், மேக்கில் அது வலது ஓரத்தில். டயலாக் பட்டன் பாக்ஸில் போட்டால் இடத்துக்குத் தகுந்தபடி தானே மாறும். மேக்காரர் கை பழக்கத்தில் வலது ஓரத்தைக் கிளிக் செய்வார், அங்கே ‘அழி’ இருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

ஜூலை 21, 2024

விண்டோ கடைசியாக இருந்த இடத்தை நினைவில் வைத்து அங்கேயே திறக்க வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. லினக்ஸில் விண்டோக்களைத் திரையில் காட்டும் புதிய முறையான வேலேண்டுக்கு மாறிய பிறகு விட்டுவிட்டேன். அங்கே ஒரு விண்டோ தன்னை எங்கே வைப்பது என்று தானே தீர்மானிக்க முடியாது, அது டெஸ்க்டாப்பின் உரிமை. இப்போது அளவையும் டேபிளின் நெடுவரிசை அகலங்களையும் மட்டும் நினைவில் வைக்கிறேன். நூலகருக்கு உண்மையில் வேண்டியிருந்ததும் நெடுவரிசை அகலம்தான்.

ஆகஸ்ட் 4, 2024

‘முடித்துவிட்டேன், இதை மற்றவர்களுக்கு எப்படிக் கொடுப்பது?’

இங்கேதான் முக்கால்வாசிப் பேர் களைத்துப் போகிறார்கள், அதனால் கடைசிக்குத் தள்ளிப்போடாமல் முதல் வாரத்திலேயே ஒரு வெறும் விண்டோவைக் கட்டி அனுப்பிப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. பைத்தான் நிரலைத் தனியே ஓடும் மென்பொருளாகக் கட்ட பைஇன்ஸ்டாலர் நல்ல கருவி. ஆனால் லினக்ஸில் உட்கார்ந்து விண்டோஸுக்கு எக்ஸி செய்ய அதால் முடியாது. ஒவ்வொரு ஓஎஸ்ஸுக்கும் அந்தந்த ஓஎஸ்ஸிலேயே கட்ட வேண்டும். ஒரே ஃபைலாகக் கட்டினால் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் எல்லாவற்றையும் தற்காலிக ஃபோல்டரில் பிரித்துப் போட்டுவிட்டுத்தான் தொடங்கும், பழைய மெஷினில் காத்திருந்து சலித்துவிடும். சில ஆன்டிவைரஸ்கள் அதைச் சந்தேகப்படவும் செய்யும். ஃபோல்டராகக் கட்டி, ஒரு இன்ஸ்டாலரில் போட்டுக் கொடுங்கள்.

லினக்ஸில் இருப்பதிலேயே பழைய பதிப்பில் கட்டுங்கள். புதிய உபுண்டுவில் கட்டியது பழையதில் ஜிலிப்சி என்ற அடிப்படை நிரல் தொகுப்பின் பதிப்பு போதவில்லை என்று நிற்கும், பழையதில் கட்டியது புதியதில் ஓடும். மேக்கில் டிஜிட்டல் கையெழுத்தும் நோட்டரைசேஷனும் (ஆப்பிளின் சோதனைச் சான்றும்) இல்லாமல் கொடுத்தால் திறக்கிறவருக்கு எச்சரிக்கை வரும். அதற்கு ஆப்பிளின் டெவலப்பர் கணக்கு வேண்டும், ஆண்டுக்கு 99 டாலர். மாணவர் ஒருவர் இப்போதே அதைக் கட்ட வேண்டியதில்லை.

டேட்டாபேஸ் ஃபைலை மென்பொருள் இருக்கும் ஃபோல்டரிலேயே வைக்காதீர்கள். ப்ரோகிராம் ஃபைல்ஸில் சாதாரணப் பயனரால் எழுத முடியாது. பயனரின் டேட்டா ஃபோல்டர் எது என்று க்யூட்டியின் ஸ்டாண்டர்ட் பாத்ஸைக் கேட்டால் மூன்று ஓஎஸ்ஸிலும் சொல்லும். ஐகானின் பெயரை ‘புக்’ என்று கேப்பிடல் பியில் வைத்துவிட்டு கோடில் ஸ்மால் பியில் எழுதினால் விண்டோஸ் கண்டுகொள்ளாது, லினக்ஸில் ஐகான் வராது.

ஆகஸ்ட் 11, 2024

எலக்ட்ரானைப் பற்றி நான் ஒன்றுமே சொல்லவில்லை என்று ஒருவர் குறைப்பட்டார். வெப் தெரிந்தவர்களுக்கு அது நேர்வழி, விஎஸ் கோடே அதில்தான் ஓடுகிறது. ஒவ்வொரு மென்பொருளோடும் ஒரு முழு க்ரோமியத்தையும், ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோடையும் கட்டி அனுப்புகிறது என்பது அதன் விலை. எங்கள் வாசகசாலை மெஷினில் 4 ஜிபி ரேம், பக்கத்தில் பிரவுசரும் திறந்திருக்கும். அங்கே அந்த விலை எனக்குக் கட்டுப்படியாகாது. 16 ஜிபி வைத்திருப்பவர்களுக்காக எழுதினால் கணக்கு வேறு. பைத்தானை விட்டுவிட்டு ஜாவாஸ்கிரிப்டுக்குப் போகத் தயாராக இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், நான் சண்டைக்கு வரமாட்டேன்.

பைக்யூட்டியா பைசைடா என்று கேட்டவருக்கு: இரண்டுமே பைத்தானில் க்யூட்டியைப் பயன்படுத்தும் வழிகள், கோடு ஏறக்குறைய ஒன்றேதான். பைக்யூட்டி, மூலநிரலைத் திறக்கச் சொல்லும் ஜிபிஎல், இல்லாவிட்டால் காசு கொடுத்து உரிமம். உங்கள் மூலநிரலைத் திறக்காமல் விற்க நினைத்தால் எல்ஜிபிஎல்லில் உள்ள பைசைடுதான் வசதி. க்யூட்டி நோக்கியாவிடம் இருந்த காலத்தில், 2009இல் அவர்கள் பைசைடைத் தொடங்கியதே இந்த உரிமப் பிரச்சினைக்காகத்தான்.

ஆகஸ்ட் 18, 2024

புதிய கோடைப் பார்த்தேன். தேதி கணக்கிடுவது, அபராதம் போடுவது எல்லாம் தனி ஃபைலில், விட்ஜெட் எதையும் இம்போர்ட் செய்யாமல் இருக்கிறது. மிகவும் நன்றாக வந்திருக்கிறது. விண்டோவைத் திறக்காமலேயே அதற்கு டெஸ்ட் எழுதலாம், நாளைக்கு டூல்கிட்டை மாற்றினாலும் அந்த ஃபைல் அப்படியே வரும்.

இனி டேபிளை மாற்றுங்கள். டேபிள் விட்ஜெட்டில் ஒவ்வொரு கட்டத்தையும் கையால் நிரப்புகிறீர்கள். சில நூறு புத்தகத்துக்குச் சரி, பத்தாயிரத்துக்குத் திணறும். டேபிள் வியூவும் (திரையில் காட்டும் பகுதி) மாடலும் (விவரத்தைத் தரும் பகுதி) எழுதினால் திரையில் தெரியும் வரிகளை மட்டும் அது கேட்டு வாங்கும். மாடலில் நீங்கள் எழுத வேண்டியது முக்கியமாக மூன்று ஃபங்ஷன்: எத்தனை வரி, எத்தனை நெடுவரிசை, இந்தக் கட்டத்தில் என்ன. முதல் தடவை படிக்கும்போது தலை சுற்றும், ஒரு வார இறுதியை அதற்கென்றே ஒதுக்குங்கள். வடிகட்டுவதற்கு மாடலுக்கும் வியூவுக்கும் நடுவில் ப்ராக்ஸி (இடைத்தரகு) மாடல் ஒன்றைச் செருகினால் போதும், மூலப் பட்டியலைத் தொட வேண்டாம். அடுக்குவதற்கு ஜூலை 2இல் சொன்ன சாவி நெடுவரிசையைக் கொடுங்கள். அதை முடித்துவிட்டு பிரிண்ட் எடுப்பதற்கு வாருங்கள், நூலக அட்டை அச்சடிக்கத் தமிழ் பிடிஎஃப் எப்படி எழுதுவது என்று அங்கே சொல்கிறேன்.